குடை மடங்கினால்

டினோஜாவின் போன் ஒலித்தால் முதலில் வயிறுதான் எடுக்கும். கை பிறகுதான் எடுக்கும். படக்குழு மன்னாருக்கு வந்ததிலிருந்து அவளுக்கு இப்படி ஆகிவிட்டது.

"எங்க செத்துக் கிடக்கிற?" என்றார் டிரெக்டர்.

"கோயிலடியில சேர். மணி விசயமா."

"ஒரு மணி அடிக்க எத்தினை நாள்? மூளைக்குப் பதிலா நண்டுச் சதையா வச்சிருக்கிற?"

"இந்தா வாறன் சேர்."

கொழும்பிலிருந்து வந்திருந்த அந்த டிரெக்டரின் பெயர் கீர்த்தனன். டினோஜா அவருக்கு உதவியாள். வசனத் தாள் வைத்திருப்பது, ஊர்ச்சனத்தோடு பேசுவது, அவர் எறியும் தேத்தண்ணிக் கோப்பையைப் பொறுக்குவது, வெயிலில் அவர் தலைக்குமேல் கறுப்புக் குடை பிடிப்பது எல்லாம் அவள் வேலை. நண்டுச் சதை என்று அவர் சொல்வதற்கும் காரணம் இருந்தது. இதற்கு முன் அவள் நண்டுக் கொம்பனியில் ஓடு உடைத்தவள். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத அந்த மணத்தை முதல் நாளே அவர் கண்டுபிடித்துவிட்டார். இந்தக் கிழமை பிழையில்லாமல் முடிந்தால் கொழும்புக் கந்தோரில் வேலை, அவளுக்கென்று ஒரு கதிரை என்று சொல்லியிருந்தார். பிழை வந்தால் திரும்பவும் நண்டு.

அவள் இந்தப் பள்ளிமுனைக்காரிதான். ஆனால் நடக்கப் பழகியதும் பள்ளிக்கூடம் போனதும் மண்டபம் அகதி முகாமில். சண்டை முடிந்த பிறகு தகப்பன் தாயோடு ஊர் திரும்பினாள். ஊரை அவளுக்குத் தெரியும் என்று டிரெக்டர் நம்பினார். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்று எடுக்க வேண்டியது ஒரு சாவு. கடலில் போன ஒருவன் திரும்பவில்லை என்று கோயில் மணி சொல்ல வேண்டும். அதற்கு உண்மையான சாவு மணியே வேண்டும் என்று டிரெக்டர் பிடியாய் நின்றார். ஒரு அடி, நீண்ட இடைவெளி, பிறகு ஒரு அடி. ஊருக்கெல்லாம் முன்கூட்டியே சொல்வதென்றால் அடிக்கலாம் என்று பங்குச் சுவாமி சம்மதித்தார். டினோஜா காலையிலிருந்து வீட்டுக்கு வீடு படலை திறந்து ஏறி இறங்கினாள். ஒழுங்கைக் கடைசியில் அருளம்மாவின் வீடு மட்டும் பூட்டியிருந்தது. தோட்டவெளியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள்.

மணியடிக்கும் சந்தியோகு கயிற்றைக் கையில் சுற்றியபடி கேட்டார்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சோ பிள்ளை? ஒருத்தரையும் விடேல்லையே?"

போன் மறுபடி ஒலித்தது.

"ஓம் அண்ணை, எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். நான் குடையை மடக்கினால் நீங்கள் அடியுங்கோ. மேல கோபுர யன்னலால பார்த்துக்கொண்டு நில்லுங்கோ."

"குடை மடங்கினால் மணி," என்றார் அவர். "இப்பிடியொரு பூசையை நான் காணேல்லை."

பின்னேரம் கெமராவைக் கடலைப் பார்த்து நிறுத்தினார்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. டிரெக்டர் கையை உயர்த்தினார். டினோஜா குடையை மடக்கினாள்.

முதல் அடி விழுந்தது. கோயில் மதிலில் இருந்த காகங்கள் எழும்பின. இரண்டாவது. மூன்றாவது.

தூரத்தில் நின்ற ஒரு வள்ளம் மூக்கைத் திருப்பியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே. எஞ்சின்கள் கத்திக்கொண்டு கரைக்கு வந்தன.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் வீடுகளுக்குச் சொன்னாள். கடலுக்குச் சொல்லவில்லை. சாவு மணி கேட்டால் பள்ளிமுனை வள்ளங்கள் போட்ட வலையைப் போட்டபடி விட்டுவிட்டுத் திரும்பும். ஊரில் வளர்ந்த சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். முகாமில் வளர்ந்தவளுக்குத் தெரியவில்லை.

ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் குதித்து ஓடி வந்தார்கள். முன்னால் ஓடி வந்தது சிவப்புச் சட்டை போட்ட அவளுடைய அப்பா. கெமராவுக்குப் பக்கத்தில் மகளைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"அம்மாவோ பிள்ளை? அம்மாவோ?"

"இல்லையப்பா. ஒருத்தரும் இல்லை. இது படம்."

அவர் மணலில் அப்படியே குந்திவிட்டார். பின்னால் வந்த ஒருவர் காறித் துப்பினார். "நாங்கள் செத்தது காணாதெண்டே படத்திலயும் சாக்காட்டுறியள்? வலையை அறுத்துப்போட்டெல்லோ ஓடியாறம்!"

டிரெக்டர் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"இதான்டா முகம்! காசு குடுத்தாலும் வராது. ஏய் பள்ளிமுனை, நீயா கூப்பிட்ட? பரவாயில்லை, மூளை இருக்கு. ஆனா அந்தச் சிவப்புச் சட்டை கெமராவைப் பார்த்திட்டான், மடையன். எல்லாரையும் திரும்பத் தண்ணியில இறக்கு. இன்னொருக்கா அடிக்கச் சொல்லு."

முதல் தடவையாக அவளைப் பாராட்டியிருந்தார். அந்தச் சந்தோசம் ஒரு கணம் வந்து போனதை அவளால் மறைக்க முடியவில்லை. அதற்குள் அவர் வெயிலுக்கு முகத்தைச் சுளித்தார். அவளுடைய கை தானாகக் குடையை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்தது.

அப்போது பஸ் நிற்குமிடத்துப் பக்கமிருந்து அருளம்மா வந்தாள். ஓடவில்லை. கையில் பையும் ஒரு காலில் செருப்பும் இருந்தன. மற்றச் செருப்பு எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளுடைய மகன் டிலுக்சனைக் கடைசிச் சண்டையில் பிடித்துக்கொண்டு போனார்கள்; பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனுக்கு ஒரு பூசை வைப்போம், மணி அடிப்போம் என்று ஊரே சொன்னது. அவள் விடவில்லை.

கூட்டத்தில் யாரையும் பாராமல் நேராக டினோஜாவிடம் வந்தாள்.

"எங்கயாம் பிள்ளை அவனைக் கண்டெடுத்தவை?"

டினோஜா டிரெக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மனுசியையும் ஃபிரேமில நிப்பாட்டு," என்றார் டிரெக்டர். "குடையை மடக்கு. மடக்கடி!"

மேலே யன்னலில் சந்தியோகுவின் தலை தெரிந்தது. கயிறு அவர் கையில் இருந்தது.

கொழும்புக் கந்தோர்க் கதிரையை அவள் கண்டதில்லை. ஆனால் எத்தனையோ தடவை மனதில் அதில் இருந்து பார்த்திருக்கிறாள். சக்கரம் வைத்த கதிரை. குளிரூட்டி. மணமில்லாத கை.

அவள் குடையை விரித்தபடியே டிரெக்டரின் தலையிலிருந்து எடுத்து, அருளம்மாவின் தலைக்குமேல் பிடித்தாள்.

"ஆருக்கும் இல்லை மாமி. படத்துக்கு. நான்தான் அடிக்கச் சொன்னனான்."

"அப்ப அவனுக்கில்லையோ?"

"இல்லை மாமி."

அருளம்மா பையை மற்றக் கைக்கு மாற்றினாள். அடிப்பாள் என்று டினோஜா நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அப்ப சரி," என்றாள் அருளம்மா. "அப்ப இருக்கிறான்."

டிரெக்டர் வெயிலில் நின்று கத்தினார். நாய் என்றார், நண்டு நாத்தம் என்றார், பஸ் ஏறவும் விடமாட்டேன் என்றார். டினோஜா அருளம்மாவின் பையை வாங்கித் தோளில் கொழுவிக்கொண்டு, அவளோடு ஒழுங்கைக்குள் இறங்கினாள். இடுப்பில் போன் நடுங்கத் தொடங்கியது. வயிறு எடுத்தது. கை எடுக்கவில்லை.

ஒழுங்கையில் வெயில் இல்லை. இனிக் குடை தேவையில்லை. ஆனால் கோபுர யன்னலில் சந்தியோகுவின் தலை இன்னும் குடையைப் பார்த்து அசையாமல் நின்றது. காற்று குடைக் கம்பிகளை உள்ளே இழுத்தது. டினோஜா இரண்டு கையாலும் காம்பைப் பிடித்துக்கொண்டு, அது மடங்கிவிடாமல் பார்த்து நடந்தாள்.