நாற்பது நிமிடம் வாய் திறக்கக் கூடாது

சோபாவின் கைப்பிடியை இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார். "ஆடல, ஓகே." ஜன்னலை உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் திறந்து வைக்கிறார். "ஜன்னல், ஓகே." நாலு வயது மகளின் இடுப்பில் கட்டிய துண்டின் முடிச்சை இழுத்துப் பார்த்து, "பெல்ட், ஓகே" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயது மகனுக்குப் பொறுமை போய்விட்டது. "கெளம்புங்கப்பா, காட்டையே மூடிடப் போறாங்க!"

இவர் லிஃப்ட் பரிசோதகர். இவர் கயிற்றையும் பிரேக்கையும் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடும். அந்த வேலையில் எதையும் மனசுக்குள் சொல்லிக்கொள்ளக் கூடாது. மேலே நிற்பவர் உரக்கச் சொல்லி, கீழே நிற்பவர் காதில் விழுந்தால்தான் அடுத்த காரியம். பதினெட்டு வருடப் பழக்கம், வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பால் பொங்கினால்கூட அறிவிப்பார். வேலையிடத்தில் அவருக்கு 'ஓகே சார்' என்றே பெயர்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற யானையைத் தவிர வேறு யானையை அவர் பார்த்ததில்லை. காட்டிலேயே யானையைப் பார்க்க வேண்டும் என்பது நாற்பத்திரண்டு வயதில் பிடித்த ஆசை என்பதால் ஆளைத் தரையில் நிற்கவிடாமல் ஆட்டுகிறது. ஆசை எவ்வளவோ, பயமும் அவ்வளவு. மலேரியா இல்லாத காடாகத் தேடிப் பிடித்தார். கொசுக்கடிக்குக் குழந்தைகளுக்கு எந்தக் களிம்பு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கினார். ஆஸ்பத்திரி எத்தனை நிமிடத் தூரம் என்று ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேட்டார். மதியத்துக்கு மேல் சின்னவள் சிணுங்க ஆரம்பித்துவிடுவாள் என்பதால் காலைச் சுற்றுதான் வேண்டும் என்றார். காட்டு விடுதியில் போன் எடுக்கும் பெண்ணுக்கு இவர் குரல் மனப்பாடம். "மேடம், வேன் ஜன்னல்ல தலைய நீட்ட முடியுமா? சரி, கை? வெரல்?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன அந்தப் பெண் கடைசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். நாலு வயதுக் குழந்தையை மூடிய வேனில் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் யானைகள் குட்டிகளோடு திரிகிற காலம் இது. நாற்பது நிமிடச் சுற்றில் உள்ளே யார் சத்தம் போட்டாலும் வண்டி அந்த இடத்திலேயே திரும்பிவிடும்.

அவர் மனைவி மருந்தாளுநர். சீட்டில் எழுதியிருப்பதற்கு மேல் அரை மாத்திரைகூடக் கொடுக்க மாட்டாள். "வீட்டுல ஒரு தடவ நாப்பது நிமிஷம் சத்தமில்லாம உக்காந்து காட்டட்டும். இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். முதல் ஒத்திகையில் பன்னிரண்டாம் நிமிடம் சின்னவளுக்கு ஒண்ணுக்கு வந்தது. இரண்டாவதில் அண்ணன் கிள்ள, அவள் ஊரையே கூட்டிவிட்டாள். இன்று மூன்றாவது. மாலை ஆறு மணிக்குள் விடுதிக்கு உறுதி சொல்லியாக வேண்டும்.

சோபாதான் வேன், டிவிதான் காடு. மனைவி ரிமோட்டும் கையுமாக எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மான்கள் போகின்றன. மூச்சுச் சத்தம்கூட இல்லை. காண்டாமிருகம் போகிறது. மகன் தங்கையை முழங்கையால் இடிக்கிறான், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிறாள். முப்பத்தேழாவது நிமிடம், புதரை விலக்கிக்கொண்டு ஒரு யானை. அதன் காலடியில் ஒரு குட்டி.

"யானை! குட்டி இருக்கு! ஐயோ, குட்டி, ஓகே!"

வீடே அதிர்கிறது. சோபாவை விட்டு எழுந்து நிற்பது ஓகே சார்.

மனைவி டிவியை நிறுத்துகிறாள். "பசங்க பாஸ். நீங்கதான் ஃபெயில்."

"வாய் தானா வந்துடுச்சும்மா."

"அங்கயும் தானாத்தான் வரும். நாங்க மூணு பேரும் காட்டுக்குள்ள போய்ட்டு வரோம். நீங்க விடுதியில இருங்க."

அவர் முகம் சுண்டிப்போகிறது. ஒரு மாதமாக எதையெதையோ சோதித்தவர், தன்னைச் சோதிக்க மறந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருக்கிறது. மகன்தான் வக்கீலாகிறான். "பாப்பாவுக்கு மட்டும் ரெண்டு சான்ஸ் எக்ஸ்ட்ரா குடுத்தீங்க. அப்பாவுக்கு ஒண்ணு குடுங்கம்மா!"

நியாயம்தான். மணி ஐந்து ஐம்பது. "யானை வர்ற எடத்துலேர்ந்து இன்னொரு தடவ. அவ்வளவுதான்" என்கிறாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சின்னவள் துண்டை அவிழ்த்துவிட்டு அப்பா மடியில் ஏறுகிறாள். "நான் புடிச்சுக்கறேன்ப்பா" என்று உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்துகிறாள்.

புதர் அசைகிறது. யானை வருகிறது. அவர் தோள் ஏறி இறங்குகிறது, கால் இரண்டும் தரையில் தாளம் போடுகின்றன. குட்டி அம்மாவின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறது. அதைப் பார்த்த மயக்கத்தில் சின்னவளின் கை நழுவி அவர் மோவாய்க்கு வந்துவிடுகிறது. அவளுக்கு அது தெரியவே இல்லை. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தச் சின்னக் கையைத் தேடிப் பிடித்து, மறுபடி தன் வாயின் மேல் வைத்து, அதன்மேல் தன் இரண்டு கைகளையும் அழுத்திக்கொள்கிறார்.