மூன்று புள்ளியும் எட்டு மில்லியும்

அரைமில்லி என்றால் அந்தத் தெருவில் தபால்காரருக்கும் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது அடையாள அட்டைக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துவது அவருடைய தொழில். கதவை மூடினால் மேலும் கீழும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கதவைக் கழற்றி மறுபடி மாட்டுவார். "அரை மில்லிதானே அண்ணே, யார் பார்க்கப்போறா?" என்று ஒருவர் கேட்டார். "அதான் நான் பார்த்துட்டேனே," என்றார் இவர். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை. பின்பக்கம் அவருடைய சுத்தியல்களும் சங்கிலிகளும். முன்னறையில் அவர் மனைவியின் பெரிய தையல் இயந்திரம். கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவள் அவள். வாசலுக்கு மேலே ஒரு போர்டு: "எங்கள் கையில் நிமிர்ந்த வண்டி நேராகத்தான் போகும்." முப்பது வருஷமாகத் தொங்குகிறது. வெயிலில் வெளுத்தால் அவரே ஏணி வைத்து ஏறி எழுத்துக்கு மை பூசுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒரு வண்டியில் வெல்டிங் வேலை முடிந்ததும், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் உளியை வைத்து மூன்று தட்டு தட்டுவார். மூன்று புள்ளி விழும். "கையெழுத்துப் போடாம எப்படி அனுப்புறது?" என்பார்.

இத்தனை வண்டியை நிமிர்த்திய மனுஷர் வேலைக்குப் போய்வருவது சைக்கிளில். பஸ் போகிற வேகத்துக்கு மேல் ஒரு வேகத்தை அவர் உடம்பு பார்த்ததே இல்லை. ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சொந்த வண்டி வைத்திருக்கிற சாதாரண ஆட்களுக்கும் அதைத் திறந்துவிடுவார்கள். அவர் நிமிர்த்திக் கொடுத்த வண்டிகள் எத்தனையோ அங்கே பறந்திருக்கின்றன. அவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்து வந்துவிடுவார்.

அப்படி இருக்கையில்தான் அந்தச் சாம்பல் நிற வண்டி லாரியில் வந்து இறங்கியது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, வேகத்துக்கென்றே பிறந்த ஜாதி. நாலு கை மாறிய வண்டி. கடைசி முதலாளி சரிவில் நிறுத்திவிட்டு கைப்பிரேக் போட மறந்துபோனார். ஆளில்லாமலே உருண்டு போய் ஒரு கான்கிரீட் தூணில் மூக்கை முட்டிக்கொண்டது. வலது முன்பக்கம் மொத்தமும் உள்ளே போயிருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பழைய சாமானுக்குப் பிரிக்கத்தான் கொண்டுவந்து போட்டார்கள்.

அரைமில்லி அதை மூன்று முறை சுற்றி வந்தார். கையில் இருந்த டீயைக் குடிக்கவே இல்லை.

"ஏங்க, டீ ஆறுது," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"இதைப் பிரிக்கப்போறதில்ல."

"பின்ன? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப்போறீங்களா?"

"ஓட்டப்போறேன். டிராக்குல. நானே."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்ப ரெண்டு சீட்டு தைக்கணும்," என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன சம்மதம்.

என்ஜின் வேலைக்கு மச்சினன் வந்தான், அவளுடைய தம்பி. கை சுத்தமான மெக்கானிக். வாய்தான் கொஞ்சமும் சுத்தமில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, காகிதமாக் கசங்கியிருக்கு. நீங்க என்னதான் தட்டினாலும் வேகமாப் போறப்ப இது நண்டு மாதிரிதான் போகும்."

"யார் கையில நிமிர்ற வண்டிடா அது? மேல போர்டைப் படி."

"போர்டு ஓடாது மாமா, வண்டிதான் ஓடணும். நேர் ரோட்டுல ஸ்டீரிங்கை விட்டுட்டுப் பத்து எண்ணுங்க. நேராப் போச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்."

"போகலேன்னா அந்தப் போர்டை நானே கழட்டிடறேன்!"

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் கேட்டுவிட்டார்கள். பிறகு அந்தப் பேச்சை எப்படித் திரும்ப விழுங்குவது? அவனுடைய மீசை அவனுக்கு உயிர். அந்தப் போர்டு இவருக்கு அதைவிட ஒரு படி மேல்.

வேலை தொடங்கியது. சீட்டு, தரைவிரிப்பு, ரேடியோ, குளிர்சாதனம் என்று உள்ளே இருந்ததையெல்லாம் உருவியெடுத்தார்கள். பந்தயத் தடத்தில் கனம்தான் எதிரி. வண்டியைத் தரையோடு அசையாமல் இறுக்கி, கசங்கிய பக்கத்தைச் சங்கிலி போட்டு நாளுக்குக் கொஞ்சமாக இழுத்தார் அரைமில்லி. அவசரப்பட்டு இழுத்தால் இரும்பு கிழிந்துவிடும். நோயாளிக்குக் கை மடக்கி நீட்டிப் பழக்குவதுபோல இழுத்து, விட்டு, தட்டி, மறுபடி இழுக்க வேண்டும். தொழிலில் அளவுக்கு ஒரு முறை உண்டு. அடிபடாத பக்கத்தை நம்பி, அங்கிருந்து அடிபட்ட பக்கத்தை அளப்பது. அடி முன்னால், ஆகையால் பின்பக்கத்திலிருந்து குறுக்கும் நெடுக்குமாக நீளக் கம்பி பிடித்து அளந்தார்.

மனைவி குனிந்து பார்த்தாள். வண்டியின் அடியில், பின்சக்கரத்துக்கு உள்பக்கம், துருப் பிடிக்காமலிருக்கத் தாரைப்போல ஒரு கறுப்புப் பூச்சு கனமாகப் படிந்திருந்தது.

"எல்லாத்தையும் உரிச்சீங்க. அந்தக் கறுப்பையும் ஒரு தடவை சுரண்டிப் பாத்துடுங்களேன்."

"அடி முன்னாடி. வயித்து வலிக்குக் காதுல மருந்து ஊத்துவியா? பின்னாடி கம்பெனியில செஞ்சபடியே இருக்கு. மனுஷன் கை படல."

"சொன்னேன். அப்புறம் சொல்லலேன்னு சொல்லாதீங்க."

வண்டி உருண்டாலும் ஆள் நசுங்காமலிருக்க உள்ளே குழாய் வளைத்து ஓர் இரும்புக் கூண்டு கட்டினார். அடுத்த சண்டை சீட்டில் வந்தது. ஒரு சீட்டு போதும், இரண்டாவது வீண் கனம் என்றான் மச்சினன். அவளோ இரண்டையும் தைத்து முடித்துவிட்டாள். கறுப்புத் துணியில் மஞ்சள் தையல்.

"அக்கா, கனம் ஏறுது. சொன்னாக் கேளு."

"உங்க மாமா வயித்தைக் குறைக்கச் சொல்லு, சரியாப் போயிடும். சீட்டு இருக்கும்."

சீட்டு இருந்தது. மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்டை அடித்து முடித்தபோது, சாம்பலாக வந்த வண்டி எலுமிச்சம்பழம்போல நின்றது. தெருவில் ஓட்ட அதற்கு அனுமதியில்லை. பட்டறை முற்றத்தில் முன்னும் பின்னுமாக உருட்டிப் பார்த்ததோடு சரி. சனிக்கிழமை காலையில் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

பந்தயத் தடத்தின் வாசலில் சோதனை செய்ய ஓர் அம்மா இருந்தார். டார்ச் அடித்துக் கூண்டைப் பார்த்தார், பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், வெல்டிங்கை விரலால் தடவினார். "யார் செஞ்சது? அழகா இருக்கு," என்று எண் ஒட்டிக் கொடுத்தார். அரைமில்லிக்கு ஹெல்மெட்டுக்குள் முகம் சிவந்தது.

முதல் சுற்று மெதுவாகப் போனார். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் அழுத்தினார். மூன்றாவதில், ஐம்பத்தாறு வயசு மனுஷர், கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து "ஓ!" என்று கத்தினார். காற்று ஒரு பக்கம் கத்துகிறது, என்ஜின் ஒரு பக்கம் கத்துகிறது, இவர் கத்துவது யாருக்குக் கேட்கப்போகிறது? நேர்பாதை வந்தது. உள்ளங்கையைத் தளர்த்தினார். ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்வதற்குள் வண்டி இடது பக்கம் புல்லைப் பார்த்துச் சாய்ந்தது. பிடித்துக்கொண்டார். அடுத்த சுற்றிலும் அதே கதை. ஸ்டீரிங்கை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போனது, கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நடக்கிறவரைப்போல.

இறங்கியவர் முகத்தைப் பார்த்த மச்சினன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு வந்தார். ஏணியை எடுத்தார். போர்டைக் கழற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். 

திங்கட்கிழமை முன்பக்கத்தை மறுபடி அளந்தார். அரை மில்லி பிசகில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மச்சினன்தான் வண்டியின் நீளத்துக்கு நூல் கட்டிப் பார்த்தான்.

"மாமா, உங்க அளவுப்படி முன்னாடி சரிதான். பின்சக்கரம்தான் கோணல். எட்டு மில்லி. நீங்க கோணலை வெச்சு நேரை அளந்திருக்கீங்க."

கறுப்புப் பூச்சைச் சூடுகாட்டிச் சுரண்டினார்கள். அடியில் பழைய வெல்டிங் ஒன்று பல்லை இளித்தது.

"எவனோ முன்னாடியே கை வெச்சிருக்கான்!" என்றான் மச்சினன். "அப்ப இது உங்க தப்பே இல்லையே. போர்டை மாட்டுங்க மாமா. நான் போய் வெட்டுறதுக்குக் காஸ் சிலிண்டர் எடுத்துட்டு வரேன்."

அரைமில்லிக்கு உயிர் வந்தது. உயிரோடு வாயும் வந்தது. "கண்ணை வீட்டுல வெச்சுட்டு வேலைக்கு வந்திருக்கான்! இவன் கையில எவன் சுத்தியலைக் குடுத்தான்? இவனுக்கெல்லாம் தகர டப்பாவைக்கூடத் தட்டக் குடுக்கக் கூடாது!" தெருமுனைவரை கேட்டது. மனைவி விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கந்தல் துணியால் வெல்டிங் ஓரத்தைத் துடைத்தாள். அப்புறம் விளக்கை அந்த இடத்திலேயே பிடித்தபடி சும்மா நின்றாள்.

மூன்று புள்ளி.

திட்டிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. உளி முனையால் பெயிண்டைக் கீறினார். மஞ்சளுக்குக் கீழே சாம்பல். சாம்பலுக்குக் கீழே சிவப்பு.

"சிவப்பு வண்டி," என்றார் மெதுவாக. "பின்னாடி வேன்காரன் இடிச்சது. பதினோரு வருஷம் ஆச்சு. அளவுக்கம்பியை எடுக்கவே இல்ல. கண்ணால பாத்தே ஒட்டிட்டேன்."

"நீங்களா? கண்ணாலயா?" அவள் விரல்விட்டு வருஷத்தை எண்ணினாள். "எனக்குக் குடல்வால் வெடிச்சு ஆஸ்பத்திரியில கிடந்தேனே, அந்த வாரமா?"

அவர் தலையசைத்தார். காலையில் கஞ்சி ஃபிளாஸ்க், சாயங்காலம் கஞ்சி ஃபிளாஸ்க், நடுவே சைக்கிள், நடுவே அந்தச் சிவப்பு வண்டி. வண்டிக்காரர் வேறு வாசலில் நின்று அவசரப்படுத்தினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையிலிருந்த விளக்கு ஆடி, பட்டறை முழுக்க வெளிச்சம் ஆடியது. "முப்பது வருஷத்துல ஒரே ஒரு கோணல். அதுவும் எனக்காக! நகை நட்டு வாங்கிக் குடுத்திருந்தாக்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்."

"எட்டு மில்லி. எட்டு! இத்தனை பேர் இதை ஓட்டியிருக்காங்க. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகல. அது தூணில முட்டினதுகூட ஆளில்லாமத்தான். சும்மா மனசைப் போட்டு உருட்டாதீங்க."

அவர் அந்தப் புள்ளிகளையே பார்த்தார். வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைத்தால் யாருக்குத் தெரியும்? போர்டை மாட்டு என்று மச்சினனே சொல்லிவிட்டான்.

"உன் தம்பிகிட்ட..."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள், முன்னறைக்கு நடந்துகொண்டே. "நீங்களே சொல்லிடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

மச்சினன் சிலிண்டரோடு வந்தான். வந்ததும் வராததுமாக, முகம் தெரியாத அந்த வேலைக்காரனை அவனும் திட்ட ஆரம்பித்தான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? அந்த ஆளின் கையை, கண்ணை, அந்த ஆளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை என்று வரிசையாக இறங்கினான். ஒவ்வொரு திட்டுக்கும் அரைமில்லியின் தோள் ஓர் அங்குலம் இறங்கியது. குருநாதரைத் தொட்டபோது பொறுக்க முடியவில்லை.

"மாப்ள, போதும். நீ திட்டுறது என்னைத்தான்."

மச்சினன் புள்ளிகளைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். மறுபடி புள்ளிகளைப் பார்த்தான்.

"என்ன மாமா இது," என்றான் கடைசியில். "முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நல்லாத் திட்டியிருப்பேனே!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவரிடமும் அரைமில்லியே சொன்னார். அப்புறம் தெருவே தெரிந்துகொண்டது.

அந்த மாதம் முழுக்கப் பின்பக்கத்தை வெட்டி, எட்டு மில்லியை வெளியே இழுத்து, அளவுக்கம்பியை நாலு தரம் பிடித்து, அதற்கேற்ப முன்பக்கத்தையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். வெட்டியெடுத்த துண்டு இரும்பை, மூன்று புள்ளியோடு, மனைவி எடுத்துக்கொண்டாள். அது இப்போது தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் பட்டன்களோடு கிடக்கிறது.

அடுத்த மாதச் சனிக்கிழமை இரண்டாவது சீட்டில் அவள் உட்கார்ந்தாள். ஹெல்மெட் கொண்டையை அமுக்குகிறது என்று வாசலிலிருந்தே முணுமுணுப்பு. நேர்பாதை வந்தது. அவர் கையைத் தளர்த்தினார்.

"எண்ணு!"

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." வண்டி கோடு கிழித்ததுபோல ஓடியது. "எட்டு... ஒம்போது... பத்து... பதினொண்ணு... ஏங்க, போதும், பிடிங்க! வளைவு வருது!"

சோதனைக்கார அம்மா கூப்பிட்டு, இன்னொரு முறை கையை விட்டால் உள்ளேயே சேர்க்கமாட்டேன் என்று இருவரையும் நிற்க வைத்துத் திட்டினார். மீசை விஷயத்தில் மச்சினன் வாதாடினான்: பந்தயம் முதல் தடவைக்குத்தானாம். அவனுடைய அக்கா தீர்ப்புச் சொன்னாள்: இரண்டு பக்கமும் ஓரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும், அளவு எட்டு மில்லி. அரைமில்லியே அளந்து கத்தரித்தார்.

போர்டு மறுபடி வாசலில் தொங்குகிறது. ஆனால் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "ஒரே ஒரு வண்டி தவிர." அதுவும் இப்போது நேராகத்தானே போகிறது, அழித்துவிடுங்கள் என்று எத்தனையோ பேர் சொல்லியாகிவிட்டது. கேட்டால்தானே! வருகிற வாடிக்கைக்காரர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் படித்துவிட்டு அதையேதான் கேட்கிறார்கள்.

"அது எந்த வண்டிங்க?"

அரைமில்லி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், முன்னறையில் தையல் இயந்திரம் நிற்கும்.

"அது என் வண்டி," என்று குரல் வரும்.