எனக்கு நானே போட்ட சி

ஐந்தாம் வகுப்பு வரை எனக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றே ஒன்றுதான். கேள்வித்தாள் வரும், தெரிந்ததை எழுத வேண்டும், தெரியாததைப் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுத வேண்டும். அந்த வருடம் நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஒரு புதிய டீச்சர் எங்கள் வகுப்புக்கு வந்தார். அதோடு பரீட்சை என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போய்விட்டது. நாங்கள் பேசும்போது டீச்சர் ஒரு சின்ன நோட்டில் எதையோ குறிப்பார். விளையாடும்போதும் குறிப்பார். ஒருத்தி தும்மியதைக்கூட எழுதிவிட்டார் என்று வகுப்பில் பேச்சு.

இரண்டிரண்டு பேராக ஒரு புராஜெக்ட் செய்யச் சொன்னார். எனக்கும் ரெம்யாவுக்கும் கிடைத்தது ஊர்க் கிணறுகள். கயிற்றில் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, ஆறு கிணறுகளில் தண்ணீர் எத்தனை முழத்தில் கிடக்கிறது என்று வாரா வாரம் அளந்தோம். அளந்தோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முடிச்சுகளை எண்ணியது நான், எழுதியது நான், சார்ட்டில் மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டதும் நான். ரெம்யா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தந்த வீட்டுப் பெண்களிடம் வாயாடிக்கொண்டு நிற்பாள். எந்த வீட்டில் பசு கன்று போட்டது, யாருக்கு வளைகுடாவுக்கு விசா வந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

எங்கள் சார்ட் நன்றாக வந்திருந்தது. உபஜில்லா மேளாவுக்கு, அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம் சேரும் கண்காட்சிக்கு, அதை அனுப்பப் போவதாகவும், இரண்டு பேரில் ஒருத்திதான் கூடப் போய் விளக்கலாம் என்றும் டீச்சர் சொன்னார். மேளா பாறசாலையில். போகிறவளுக்கு மத்தியானம் பிரியாணி உண்டு என்று பேச்சு. பிரியாணியைவிட, மைக் முன்னால் நின்று என் எண்களை நானே வாசிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. ராத்திரி ஜெபத்தில்கூட அதைச் சேர்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தத் தாள் வந்தது. சுயமதிப்பீட்டுத் தாள். 'எனக்குப் பாடம் விளங்கியது', 'நான் நன்றாக வேலை செய்தேன்', 'பிறருக்கு விளக்க என்னால் முடியும்' என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏ, பி, சி. அவரவருக்கு அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாடம் எனக்கு வந்ததா என்று பார்ப்பது டீச்சரின் வேலையல்லவா? அவர் அதை என்னிடம் கேட்டால் நான் யாரிடம் கேட்பது? கடைசியில் அம்மா சொல்லிக் கொடுத்திருந்ததைத்தான் பிடித்துக்கொண்டேன்.

விருந்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி அம்மா சொல்லும் பாடம் அது. "எட்டி, அவிய விளம்ப வந்தா ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லணும். மூணாவது தடவ வேங்கிக்கோ. மொதல்லயே இலைய நீட்டுனா ஆக்கங்கெட்ட பிள்ளன்னு சொல்லுவாவ." எங்கள் சபையில் எல்லாரும் அப்படித்தான். போதும் போதும் என்று இலையைக் கையால் மறைப்பார்கள். விளம்புகிறவர் அந்தக் கையை விலக்கிவிட்டு இறைச்சியை அள்ளிப் போடுவார். மறைத்த கையை உண்மையென்று நம்பி யாராவது தாண்டிப் போய்விட்டால் அந்தக் குடும்பத்தோடு ஆறு மாதம் பேச்சு இருக்காது.

ஆகவே எல்லாவற்றுக்கும் எதிரே அழகாகச் சி போட்டேன். எட்டிப் பார்த்தால் ரெம்யா வரிசையாக ஏ போட்டிருந்தாள். 'பிறருக்கு விளக்க என்னால் முடியும்' என்பதற்கு ஏ போட்டு அடியில் கோடு வேறு. எனக்கே வெட்கமாகிவிட்டது.

டீச்சர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். "எல்லாத்துக்கும் சியா? உள்ளதா மக்கா?"

"ஆமா டீச்சர்." இது ஒன்று.

"ஒண்ணும் மனசிலாகல்லியா?"

"கொஞ்சமாக்கும் டீச்சர்." இது இரண்டு.

மூன்றாவதுக்காக நான் நின்றேன். டீச்சர் நோட்டில் ஏதோ எழுதி மூடினார். "செரி, போய் இரி" என்றார்.

மறுநாள் அறிவிப்பு வந்தது. மேளாவுக்கு ரெம்யா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனி வகுப்புக்கு நான். கூட, வாய்ப்பாடு வராத மூன்று பேர்.

வீட்டில் அழுதேன். முதல் நாள் சி போட்டதைச் சொன்னபோது "அதாக்கும் எனக்க பிள்ள" என்று தலையைத் தடவிய அதே அம்மா கொதித்துப் போனார். "பிள்ள சி போட்டா டீச்சருக்கு அறிவு வேண்டாமா? ஒரு பேச்சுக்குச் சொன்னத அப்பிடியே எடுப்பாவளா?" அப்பா தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். "வேண்டாம்னு சொன்னா. அவிய தரல்ல. இதுல என்ன வழக்கு?" என்றார். அன்றைக்கு அப்பாவை எனக்குப் பிடிக்கவே இல்லை.

மேளா நடந்த நாளில் ரெம்யா வேறொரு டீச்சரோடு பாறசாலைக்குப் போயிருக்க, தனி வகுப்பில் எங்கள் டீச்சர் என்னிடம் கிணறுகளைப் பற்றிக் கேட்டார். இதற்குத்தானே காத்திருந்தேன்! ஆறு கிணறுகளின் நான்கு வார முடிச்சுக் கணக்கையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். வாய்ப்பாடு வராதவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"கணக்கெல்லாம் செரி," என்றார் டீச்சர். "மூணு கெணறு ஒரே வாரத்துல தாந்து போச்சுல்லா? மத்த மூணும் அப்பிடியே நிக்குது. அது ஏன்?"

நான் மறுபடியும் அந்த மூன்று கிணறுகளின் எண்களைச் சொன்னேன். டீச்சர் காத்திருந்தார். வேறு எதையோ கேட்கிறார் என்று தெரிந்தது. எதை என்று தெரியவில்லை. அளந்து வரச் சொன்னார்கள், அளந்தேன். ஏன் என்று கிணற்றிடமா கேட்க முடியும்?

"அப்போ நீ போட்ட சி செரிதானே மக்கா," என்றார் அவர். குத்திக்காட்டவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். நோட்டில் ஒரு டிக் போட்டார். எனக்கு அவரைக் கடிக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் ரெம்யா இரண்டாம் பரிசோடு வந்தாள். பிரியாணி இல்லையாம், சோறுதானாம். அதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கிணறு ஏன் தாழ்ந்தது என்று உன்னிடம் கேட்டார்களா என்றேன்.

"அதத்தான் எல்லாரும் கேட்டாவ. வயலுக்கு வெள்ளம் போற சானல அடச்சாவல்லா, மராமத்து வேல செய்யியதுக்கு? சானல் கரையில உள்ள மூணு கெணறும் அதுல ஊறுற வெள்ளமாக்கும். டேம்ல இருந்து சானல்ல வெள்ளம் விட்டா ஏறும், அடச்சா தாழும். மத்ததெல்லாம் மேட்டுல உள்ள கெணறு."

"ஒனக்கு யாரு சொன்னது?"

"கெணத்து வீட்டு அக்காமாருதான். அளக்கும்போ சொன்னாவல்லா? நீயும் பக்கத்துல தானே நின்ன!"

நின்றேன்தான். முடிச்சு எண்ணிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பது மட்டும்தான். அது அம்மாவா, டீச்சரா, ரெம்யாவா என்பதில்தான் குழப்பம். மூன்று பேரோடும் இரண்டு நாள் மாறி மாறிப் பேசாமல் இருந்து பார்த்தேன். பொய்யென்று நினைத்து நான் எழுதிக் கொடுத்தது உண்மையாகவே இருந்துவிட்டது என்பது மட்டும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.