ஜட்ஜம்மா பாஸான வருடம்

கசங்கிய துணியைக் கண்டால் என் சித்திக்குக் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன் இருக்கையில் இருப்பவரின் சட்டைக் காலர் மடங்கிக் கிடந்தால், முன்பின் தெரியாத ஆள் என்றும் பார்க்காமல் எட்டி நேராக்கிவிடுவாள். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறாள், நன்றியும் வாங்கியிருக்கிறாள். இரண்டுக்கும் அவள் முகம் ஒன்றுதான்: இப்போதுதான் பார்க்கும்படியாக இருக்கிறது என்ற முகம்.

பெரிய சலவைக்கூடம் ஒன்றில் அவளுக்கு இஸ்திரி போடும் வேலை. விடுதி விரிப்புகள், செவிலியர் சீருடைகள், பள்ளிச் சட்டைகள் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நாள் முழுக்க நீராவியில் நின்று, முழங்கைவரை கஞ்சி வாசனையோடு வீடு திரும்புவாள். திரும்பி வந்து என்ன செய்வாள்? மகளின் கவுனுக்கு இஸ்திரி போடுவாள்.

மகளை நாங்கள் எல்லோரும் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவோம். பிறக்கும்போது மூளைக்குப் போக வேண்டிய காற்று கொஞ்சம் தாமதமாகப் போய்விட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நடக்க மாட்டாள். தானாக உட்கார மாட்டாள். கழுத்து அவள் பேச்சைக் கேட்காது. வாயில் வரும் சொற்கள் மிகக் கொஞ்சம். ஆனால் பார்ப்பாள். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரையும் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்குவாள். பிடித்துவிட்டால் வாய் கொள்ளாத சிரிப்பு. பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். ஆள் கிளம்பும்வரை திறக்க மாட்டாள். மேல்முறையீடு கிடையாது. சரக்கு லாரி ஓட்டும் சித்தப்பா வாரக்கணக்கில் வெளியே இருந்துவிட்டு வரும் நாளில் வாசலிலேயே நின்று, "இன்னிக்கு என்ன தீர்ப்புங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். பெரும்பாலும் கண் மூடியேதான் இருக்கும்.

இந்தக் குடும்பம் ஓடியது ஒரு மஞ்சள் வேனால். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேர மையம் ஒன்று எங்கள் பகுதியில் இருக்கிறது. காலையில் அங்கிருந்து வேன் வந்து ஜட்ஜம்மாவை ஏற்றிக்கொண்டு போகும். மையத்தில் கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் உண்டு. அவள் உடம்புக்கு ஏற்ற நாற்காலி உண்டு. பொறுமையாக ஊட்டிவிடும் ஆயாக்கள் உண்டு. மாலையில் கொண்டுவந்து விடுவார்கள். இடையில் கிடைத்த நேரத்தில்தான் சித்தி சலவைக்கூடத்தில் நின்றாள். வேன் நின்றால் அவள் வேலையும் நின்றுவிடும்.

மையத்தில் இடம் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். அதனால் வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீடு நடக்கும். அதிகாரி அம்மா ஒருவர் ஒவ்வொரு குழந்தையையும் பார்த்து, யாருக்கு உதவி அதிகம் தேவை என்று முடிவு செய்வார்.

சித்தி இதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிகாரி வருகிறார் என்றால் தலையை வாரிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அறிந்த பாடம். எங்களில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். எனக்குத் தெரிந்ததும் அதற்குமேல் இல்லை. யாராவது மதிப்பெண் போடுகிறார் என்றால் அதிகமாக வாங்க வேண்டும். குறைவாக வாங்கினால்தான் பிழைக்க முடியும் என்கிற இடங்களும் உலகத்தில் உண்டு என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை.

போன வருட மதிப்பீட்டுக்குச் சித்தி விடியும் முன்பே எழுந்துவிட்டாள். கிண்ணத்திலிருந்து கரண்டியைத் தூக்குவதற்கு ஜட்ஜம்மாவுக்கு மாதக்கணக்கில் பயிற்சி நடந்திருந்தது. ஊதா நிறக் கவுன், முன்பக்கம் கத்திபோல மடிப்பு. கவுனுக்குள்ளே வேறொரு கைவேலை. சலவைக்கூடத்தில் கிழிந்து ஒதுக்கிய துண்டுகளை இறுக்கமாக மடித்து, அழுத்தி இஸ்திரி போட்டு, முதுகுக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று என்று வெளியே தெரியாமல் செருகியிருந்தாள். ஜட்ஜம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், வழக்கை விசாரிக்கத் தயாரான தோரணையில். அதிகாரி அம்மாவைக் கண்டதும் சிரித்தாள். வீட்டில் அபூர்வமாக நடக்கும் கரண்டி விஷயம்கூட அன்று முதல் முயற்சியிலேயே நடந்துவிட்டது.

"நல்ல முன்னேற்றம்மா. ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க," என்றார் அதிகாரி.

அந்தப் பாராட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சித்தி தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். "ஜட்ஜம்மா பாஸாயிட்டா!" நானும் எடுத்துக்கொண்டேன். காய்கறிக்காரர், "அப்பாடா, எங்க தெருவுக்கே ஒரு நீதிபதி," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த மாதம் பிறந்தது. வேன் வரவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை வாசலில் நின்றுவிட்டு, சித்தி ஓட்டுநருக்குப் போன் செய்தாள்.

"பாப்பா பேரை எடுத்துட்டாங்களேக்கா. நல்லாயிட்டாளாமே?" என்றார் அவர், வாழ்த்துச் சொல்லும் குரலில்.

வேனுக்குப் பதிலாக 'வீட்டு வழிகாட்டல்' கிடைத்தது. மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, கூடவே வழவழப்பான தாளில் ஒரு கையேடு. அட்டையில் வேர்வையே அறியாத ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. சித்தி அதை என்னிடம் நீட்டினாள். 'குழந்தையைப் பராமரிப்பவர் தினமும் சிறிது நேரத்தைத் தமக்கென ஒதுக்கி, மனதுக்குப் பிடித்த செயலில் ஈடுபடலாம்' என்று உரக்கப் படித்தேன்.

"எனக்குப் பிடிச்சது இஸ்திரி போடறது. அதுக்குத்தான் வேன் வேணும்ங்கறேன்," என்றாள். "ஏன்டி படிச்சவளே, அதுக்கு எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கத்திலும் இல்லை. கையேடு, வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்த இஸ்திரி மேஜையின் ஒரு காலுக்கு அடியில் போனது. மேஜை ஆட்டம் நின்றது. உதவியே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

வேறு வழியில்லாமல் ஜட்ஜம்மாவைச் சலவைக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போனாள். விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே பள்ளம் செய்து சாய்த்து வைத்தாள். நீராவியில் குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு பூத்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஜட்ஜம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் அப்படி என்னம்மா பண்ணிட்டேன்?" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு வருத்தமாக, "சீக்கிரம் ஒரு ஏற்பாடு பண்ணிக்கங்க. இல்லைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்," என்றும் சொல்லிவிட்டார்.

மறுமதிப்பீடு கேட்டோம். நாள் கொடுத்தார்கள். இந்த முறை சறுக்கினால் வேனும் இல்லை, வேலையும் இல்லை.

மையத்து வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களிடம் யோசனை கேட்கப் போனோம். அவர்களுக்குத் தலைவி ரெட்டைப் பிள்ளைக்காரி. அவளுடைய இரட்டைப் பையன்கள் இருவருமே அந்த மையத்தில்தான் இருக்கிறார்கள். சித்தி சொன்னதைக் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"துண்டு வெச்சு நிமித்தி உக்கார வெச்சியா? ஏன்டி, உனக்கு நீயே குழி வெட்டிக்கிட்டு, அதுக்கு மிட்டாய் வேற குடுத்தியா?"

"அதுக்குன்னு அலங்கோலமாவா கூட்டிட்டுப் போக முடியும்?"

"இருக்கற மாதிரி கூட்டிட்டுப் போ, போதும். தலை வாராதே, துண்டு வெக்காதே. கேட்டா முடியாததை மட்டும் சொல்லு. நானெல்லாம் என் பசங்களைத் தூக்கத்துலேருந்து எழுப்பி அப்படியே தூக்கிட்டுப் போவேன். ஒருத்தன் அழுவான். அவனைப் பாத்து இன்னொருத்தன் அழுவான். எழுதிக் குடுத்து உடனே அனுப்பிடுவாங்க."

வீட்டில் ஒத்திகை வைத்தோம். நான் அதிகாரி.

"குழந்தை தானா சாப்பிடுமா?"

"ஓ, கரண்டியெல்லாம் பிடிப்பா."

"சித்தி!"

"சரி சரி. சாப்பிட மாட்டா. ஆனா வாயில வெச்சா நல்லா மென்னு முழுங்குவா."

"அந்த 'ஆனா' வேணாம்."

"ஆனா போடாம பெத்த பிள்ளையைப் பத்தி எப்படிடி பேசறது?"

ஜட்ஜம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கல்லூரியில் கடைசி வருடம் நேர்காணலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால் அதையும் பலமாக மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது பாடம். அதே பாடத்தைத் தலைகீழாக்கிச் சித்திக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை கொடுக்கிறவர்களும் அவளுக்கு வேன் கொடுக்கிறவர்களும் எங்களை இருக்கிறபடி பார்ப்பது எப்போது என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை அப்போது யாரிடமும் கேட்கவில்லை. இப்போதும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

மறுமதிப்பீட்டு நாளன்று காலை நான் போனபோது, பேசிவைத்தபடி பழைய கவுனைத்தான் ஜட்ஜம்மா போட்டிருந்தாள். சாயம் போயிருந்தது. மடிப்பு மட்டும் கத்திபோல இருந்தது.

"என்ன சித்தி இது?"

"கை தானா போயிடுச்சுடி."

"துண்டு?"

"வெக்கலை. பையில இருக்கு."

"பையில எதுக்கு?"

"இருக்கட்டுமே. உன்னை என்ன கடிக்குதா?"

மையத்தில் சக்கர நாற்காலிக்கென்று கட்டிய சரிவுப் பாதையில் ஊழியர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. ஜட்ஜம்மாவைத் தூக்கிக்கொண்டு படி ஏறினோம். மதிப்பீட்டு அறையில் பொம்மைகள் நிறைய. எந்தக் குழந்தைக்கும் எட்டாத அலமாரித் தட்டில் பத்திரமாக இருந்தன. அதே அதிகாரி அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஜட்ஜம்மாவை ஒரு பெஞ்சில் உட்காரவைத்ததும், தன் நாற்காலியை அவளுக்கு எதிரே நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். சித்தி பக்கத்தில் நின்று மகளின் விலாவுக்குக் கை கொடுத்திருந்தாள்.

"குழந்தையால எதெல்லாம் முடியாதுன்னு சொல்லுங்கம்மா."

"இவளை வெளிய விட்டுட்டு வந்து சொல்லட்டுமாங்க?"

"குழந்தையை வெச்சுக்கிட்டுதான் கேக்கணும்மா. அப்படித்தான் விதி."

சித்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். "நடக்க மாட்டா. தானா உக்கார மாட்டா. தானா சாப்பிட மாட்டா. படுத்தா புரளக்கூட நான்தான்..." குரல் இறங்கிக்கொண்டே போனது. மகள் பிறந்ததிலிருந்து அவள் வாயில் இதெல்லாம் ஒருசேர வந்ததே இல்லை. ஜட்ஜம்மா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே பார்வை இறங்கியது. மெதுவாகக் கண்ணை மூடினாள்.

சித்தப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைத்திருக்கிறது, சித்திமேல் அந்தத் தீர்ப்பு அதுவரை விழுந்ததில்லை. அவள் பதறிப்போய்க் குழந்தையின் காதருகே குனிந்தாள். "சும்மா சொல்றேன்டி கண்ணு. நீ நம்பாதே."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அறை சின்னது. அதிகாரியின் பேனா நின்றது.

"சும்மா சொல்றீங்களா?"

கோப்பில் பழைய தாளைப் புரட்டினார்.

"போன தடவையும் நான்தான் பாத்தேன். நேரா உக்காந்திருந்தா. கரண்டி பிடிச்சா. இப்ப எதுவுமே முடியாதுங்கறீங்க. இதுல எதும்மா நிஜம்?"

சித்தி ஒரு கையால் மகளைப் பிடித்தபடியே இன்னொரு கையால் பையைத் துழாவினாள். மடித்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

"போன தடவை நேரா உக்காந்தது இதுங்கதாங்க."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"கவுனுக்குள்ள."

"எதுக்கு?"

"பெரியவங்க வந்திருக்கும்போது சாஞ்சு கிடந்தா மரியாதையா இருக்காதேன்னு..."

அதிகாரி துண்டுகளைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். "கையை எடுங்கம்மா," என்றார்.

சித்தி எடுக்கவில்லை. எடுத்தால்தான் வேன் வரும் என்று அவளுக்கும் தெரியும். என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். விரல் விரலாகக் கையை விலக்கினாள்.

ஜட்ஜம்மா சாயவில்லை. ஒரு கணம் அப்படியே நிமிர்ந்து இருந்தாள். சாய்ந்துவிடு, தயவுசெய்து சாய்ந்துவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு குழந்தை விழ வேண்டும் என்று என்னை வேண்டவைத்த அந்த அறையை இன்றும் மறக்க முடியவில்லை.

பிறகு சட்டென்று சரிந்தாள். சித்தியின் கை பாய்வதற்குள் எதிரே இருந்த அதிகாரி அம்மாவே எழுந்து நெஞ்சோடு தாங்கிக்கொண்டார். பேனா எங்கோ உருண்டது. கண்ணாடி சங்கிலியில் ஆடியது. ஜட்ஜம்மாவின் எச்சில் அவருடைய சேலையின் தோள் மடிப்பின்மேல் நீளமாக வழிந்தது.

ஜட்ஜம்மா கண்ணைத் திறந்தாள். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்ட முகத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

"தீர்ப்பு உங்க பக்கம்தாங்க," என்றாள் சித்தி. அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் சித்தியின் கை ஒரு துண்டை எடுத்து அவர் தோளைத் துடைத்து, மடிப்பையும் நேராக்கிவிட்டிருந்தது.

"எல்லாத்துக்கும் முழு உதவி தேவைன்னு எழுதியிருக்கேன்," என்றார் அதிகாரி, பேனாவைத் தேடி எடுத்து எழுதி முடித்தபின். "திங்கக்கிழமையிலேருந்து வேன் வரும். அடுத்த தடவை துண்டெல்லாம் வேண்டாம்."

வெளியே ரெட்டைப் பிள்ளைக்காரி காத்திருந்தாள். "என்னடி ஆச்சு?"

"ஃபெயிலாயிட்டாக்கா," என்ற சித்தி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அடி என் தங்கமே! இப்படியே வருஷா வருஷம் விடாம ஃபெயிலாகணும்," என்று அவள் ஜட்ஜம்மாவுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "மிட்டாய் வாங்கலாமா சித்தி?" என்றேன்.

"சும்மா வாடி. ஃபெயிலானதுக்கு யாராவது மிட்டாய் குடுப்பாங்களா?"

வந்ததும் வராததுமாக மகளைத் துண்டுகளுக்கு நடுவே நிமிர்த்தி உட்காரவைத்து, கிண்ணத்தில் கரண்டியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "அங்க சொன்னதெல்லாம் அங்கேயே போச்சு. எங்க, எடு பாக்கலாம்." ஜட்ஜம்மா எடுக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை.

திங்கள்கிழமை மஞ்சள் வேன் வந்தது. ஜட்ஜம்மா ஊதா நிறக் கவுனில் இருந்தாள். ஆயா இறங்கி வந்து இரு கைகளையும் நீட்டினாள்.

"பாத்து அக்கா," என்றாள் சித்தி. "மடிப்பு கலையாம தூக்குங்க."