யாரும் தொடாத செட்டிங்

என் கணவர் உழவர்கரையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் பழைய மெஷின்கள். பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் இயங்குதளம் ஒன்றை அவற்றில் போட்டிருந்தார். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்தால் போதும், திரை அப்படியே உறைந்துவிடும். மெஷின் கெட்டுவிட்டது என்று மாணவர்கள் சுவிட்சை அணைப்பார்கள். செய்துவைத்த வேலையும் போய்விடும்.

கெட்டது மெஷின் இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். எழுத வேண்டியதை இயங்குதளம் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. மெமரியில் சேர்த்துவைத்துப் பிறகு தள்ளுகிறது. எவ்வளவு சேர்க்கலாம் என்ற அளவு, வேகமான புது டிஸ்க்குகளுக்காக வைத்தது. மெதுவான டிஸ்க் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. அவர் அளவைக் குறைத்தார். லேப் சரியானது.

அதோடு விட்டிருக்கலாம். டிஸ்க்கின் வேகத்தைப் பார்த்து அந்த அளவை நீங்களே முதலிலேயே சரியாக வைத்துக் கொடுங்கள் என்று இயங்குதளத்தை எழுதுகிறவர்களைக் கேட்டார். வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாமே என்று பதில் வந்தது.

"தெரிஞ்சவன் மாத்திக்குவான்," என்றார் என்னிடம். "தெரியாதவன்தான சுவிட்ச அமுக்குறான்?"

பல டிஸ்க்குகளில் சோதித்துக் காட்டினால் யோசிக்கிறோம் என்றார்கள். அவர் ஆரம்பித்த சமயத்தில்தான் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மூளையில் கட்டி.

கொஞ்ச நாளில் அவருடைய வலது கை விழுந்துவிட்டது. நான் துணிக்கடையில் பில் போடுகிறவள். டைப் அடிக்கத் தெரியும். எங்கள் வீட்டுக் கட்டிலில் அவர் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். பழைய டிஸ்க் ஒவ்வொன்றாக மாட்டி, வருகிற எண்ணைப் படித்துச் சொல்வேன். எண் நன்றாக இருந்தால் கண்ணை மூடிச் சிரிப்பார்.

ஒருநாள் பேச்சு நடுவில் நின்றது. "அந்த... அத மாட்டு," என்றார். எதை என்று எனக்குப் புரியவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"டிஸ்க்காங்க?"

தலையாட்டினார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பின் அவர் எதையும் சோதிக்கச் சொல்லவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, மீதிச் சோதனைகள் என்ன ஆயிற்று என்று இயங்குதளத்தை எழுதுகிறவர்களில் ஒருவர் அவருக்கு எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவர் இறந்துவிட்டார், டிஸ்க்குகள் வீட்டில் இருக்கின்றன, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் செய்கிறேன் என்று பதில் போட்டேன். அந்த மனிதர் இரண்டு வரி வருத்தம் தெரிவித்துவிட்டு, செய்ய வேண்டியதைப் படிப்படியாக எழுதி அனுப்பினார்.

துணைக்கு வந்திருந்த அக்கா கேட்டாள்: "இப்ப எதுக்குடி இதெல்லாம்?"

"பாதியில நிக்குதுக்கா."

சில நாளில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். கடை விட்டு வந்து டீ குடித்துவிட்டு டிஸ்க்குகளோடு உட்காருவேன். எண்களைச் சத்தமாகப் படிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அறையில் கேட்க யாரும் இல்லை.

எல்லா டிஸ்க்கும் முடிந்ததும் எண்களை அனுப்பிவைத்தேன். இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் அந்த மாற்றம் வந்தது. லேபில் அவருடன் வேலை பார்த்தவர், நான் கடையில் இருக்கும்போது ஃபோன் செய்து சொன்னார்.

"அக்கா, இப்ப நாங்க எதையும் மாத்தல. போட்டதுமே நல்லா ஓடுது."

"பசங்க என்ன சொல்றாங்க?"

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ஓடுது, வேலைய பாக்குறாங்க."

என் கணவர் கேட்டதும் அதைத்தான். சரிங்க என்று வைத்துவிட்டு அடுத்த பில்லைப் போட ஆரம்பித்தேன். புடவையின் விலையைப் படிக்க முடியாமல் கண்ணீர் மறைத்தது. எதிரில் நின்ற அம்மாள் கையிலிருந்த பையை மேசைமேல் வைத்துவிட்டு, அவசரமில்லை என்பதுபோல் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.