என் மானம் ஏறிய கப்பல்

மாணவனாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான்; மற்ற உத்தியோகங்களில் தப்புச் செய்தால் சம்பளத்தைப் பிடிப்பார்கள், இதில் காதைப் பிடிப்பார்கள். நீங்களும் ஒரு காலத்தில் இந்த உத்தியோகம் பார்த்தவர்கள் என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சண்டைக் காலத்தில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பீர்கள். நான் பார்த்தது ஜோகூர் பக்கத்தில் பத்து பாகாட் என்ற ஊரில், முப்பத்தொன்பதாம் வருஷம், சீனியர் கேம்பிரிட்ஜ் வகுப்பில்.

அந்தப் பரீட்சையில் பாஸானால் ஜோகூர் பாருவில் அரசாங்கத்தில் கிராணி என்கிற குமாஸ்தா வேலை, நாற்காலி, தலைக்கு மேலே காற்றாடி. பெயிலானால் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் வியர்க்க வியர்க்க நிற்க வேண்டும். இன்னொரு தரம் எழுத விடமாட்டேன் என்று அத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேள்வித்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும், எங்கள் விடைத்தாள் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும். பார்த்துப் பார்த்து அந்த வருஷம்தானா ஜெர்மன்காரன் கடலுக்கடியில் நீர்மூழ்கிகளை விட வேண்டும்?

தலைமையாசிரியரின் பிரகடனம்

சண்டை மூண்ட செய்தி வந்ததும் எங்கள் வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் பள்ளிக்கூடம் முழுவதையும் கூட்டினார். கறுப்பு டை, சோக முகம். சாம்ராஜ்யத்துக்கு நேர்ந்த சோதனையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கடைசியில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்.

கை தூக்கியவன் என் பக்கத்தில் நின்ற முத்துசாமி. பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தவன். பயம் என்றால் என்னவென்று தெரியாது, பாடமும் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். "சண்டை வந்துவிட்டதே, சார், பரீட்சை உண்டா?" என்று ஆசையோடு கேட்டான். தலைமையாசிரியர் முகம் சிவந்துபோயிற்று.

"இங்கிலாந்தே கடலில் மூழ்கினாலும் பரீட்சை நடக்கும். கையைக் கீழே போடு!"

பதுங்கு குழி

ஆகாய விமானம் வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று பந்தாடும் மைதானத்தில் எங்களைக் குழி வெட்டச் சொன்னார்கள். வெட்டினோம். இரண்டு கோல் கம்பத்துக்கும் நடுவே நீளமாக, ஆழமாக, கை கொப்பளிக்க வெட்டினோம். விமானம் வரவில்லை, மழை வந்தது. பத்து பாகாட் மழை சும்மா வருமா? குழி நிரம்பி, தவளைகள் குடியேறி, எங்கள் புவியியல் வகுப்பையே கச்சேரி மண்டபம் ஆக்கிவிட்டன.

மணி அடித்ததும் குழிக்குள் குதிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒத்திகை நாளில் மணி அடித்தது. எல்லோரும் ஓடிப்போய்க் கரையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேற்பார்வை பார்த்த மாஸ்டர், "ஏன் நிற்கிறீர்கள்?" என்று கத்தினார். சந்தையில் மீன் விற்பவரின் மகன் ஆ செங் மட்டும் மரியாதையாக முன்னால் வந்து பதில் சொன்னான்.

"விமானம் வர்ற வரைக்கும் எங்கப்பா இதுல கெளுத்தி வளர்த்துக்கலாமான்னு கேக்குறாரு, சார்."

காணாமல் போன தேசம்

புவியியல் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சுவரில் ஐரோப்பாப் படத்தை மாட்டி, குண்டூசியில் சின்னச் சின்னக் காகிதக் கொடி குத்தி, தினமும் நகர்த்துவார். போலந்தின் ஆறுகளையும் விளைபொருள்களையும் நாங்கள் உருப்போட்டு முடிப்பதற்குள் போலந்தே போய்விட்டது. அதுவரை எந்தப் பாடத்துக்கும் வருத்தப்படாத நான் அதற்கு வருத்தப்பட்டேன். அவ்வளவு உழைப்பு!

கேள்வியில் போலந்து வந்தால் தலைநகர் என்று எதை எழுதுவது என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பரீட்சை முடியுமட்டும் வார்சோதான் தம்பி. அதுக்குப் பிறகு ஜெர்மன்காரன் பாத்துக்கொள்ளட்டும்."

சட்டைப்பைக் கப்பல்

சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகை மத்தியானம் பஸ்ஸில் வரும். அதை உரக்க வாசித்துத் தமிழில் சொல்வது கடையில் என் வேலை. என் இங்கிலீஷில் அத்தாவுக்கு ஏகப்பட்ட பெருமை. கல்லாவில் உட்கார்ந்தபடியே, "மவன் படிக்கிறான், சத்தம் போடாதீங்க லா!" என்பார்.

அப்போது ஜெர்மனியின் 'பாக்கெட் பேட்டில்ஷிப்' ஒன்று கடலில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. போர்க்கப்பல்களில் அது சின்ன ரகமாம். எனக்கு யார் சொன்னார்கள்? பாக்கெட் என்றால் சட்டைப்பை. "ஜெர்மன்காரன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் போர்க்கப்பல் ஒன்று கட்டியிருக்கிறான்" என்று கணீரென்று சொன்னேன். ஜவுளிக்கடை பக்கீர் ராவுத்தர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அத்தா பக்கம் திரும்பினார்.

"பையில வைக்கிற கப்பலுக்கா வெள்ளைக்காரன் இம்புட்டு பயப்படுறான்? உம்ம மவனை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லும்."

வேண்டுதல்

பரீட்சை நடந்தது. இங்கிலீஷ் நன்றாக எழுதினேன். கணக்கு என்னை எழுதிவிட்டது. தாள்களைப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை போட்டுச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். கார் மறையும் வரை நாங்கள் வாசலிலேயே நின்றோம். கப்பல் மூழ்கினால் தேங்காய் உடைப்பதாக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டதாக முத்துசாமி சொன்னான். என் பாடு திண்டாட்டம். எனக்குக் கணக்குத் தாள் மட்டும் மூழ்க வேண்டும், இங்கிலீஷ் தாள் கரை சேர வேண்டும்.

அடுத்த வாரம் செய்யது மாமு வந்தார். உம்மாவின் தம்பி, கப்பலில் பண்டாரி, அதாவது சமையற்காரர். சிங்கப்பூரில் கப்பல் நின்றால் பஸ் பிடித்து வந்து அத்தா கடையில் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கும் சாப்பிட்டுக்கொண்டே, "லண்டனுக்குத்தான் போறோம் மாப்ளே. பள்ளிக்கூடப் பெட்டியெல்லாம் ஏத்துறாங்க, உன்னோடதும் அதுலதான்" என்றார். அதுவரை அந்தக் கப்பலில் தாள்கள் மட்டும்தான் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாமுவின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அன்று அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு, "கப்பல் கரை சேரட்டும், நான் பெயிலானாலும் சரி" என்று அழுதுகொண்டே துவா கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் அந்த இரண்டாவது பாதியை விட்டிருக்கலாமோ என்று தோன்றியது. நேரே முத்துசாமியிடம் ஓடி, வேண்டுதலைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன். மாமு விஷயத்தைக் கேட்டதும் அவனும் ஆடிப்போனான்.

"அலமாக்! தேங்காய்க்கு முழுகச் சொல்லிட்டேனே. இப்ப முழுகக் கூடாதுன்னா பாலாபிஷேகம்னு சொல்றேன், ஆத்தா பெரிசைத்தான் எடுத்துக்குவா."

பத்திரமாக வந்து சேர்ந்தது

அதற்குப் பிறகு கடையில் பத்திரிகை வாசிக்கும்போது, மூழ்கிய கப்பல்களின் பெயர்களை முதலில் மனதுக்குள் பார்த்துக்கொள்வேன். மாமுவின் கப்பல் அதில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்கும். சில நாள் வாய் வெகுநேரம் திறக்காது. ராவுத்தர்கூட அவசரப்படுத்தவில்லை.

மாதங்கள் போய்ப் பரீட்சை முடிவு வந்தது. ஆ செங் பாஸ். முத்துசாமி, நம்புங்கள், பாஸ். நான் கணக்கில் பெயில், ஆக மொத்தத்தில் பெயில். அத்தா மாவுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவைத்தார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

ஒரு நாள் ரொட்டியைக் கிழிசல் கிழிசலாக வீசிக்கொண்டிருந்தபோது வாசலில் செய்யது மாமு நின்றார். இளைத்துப்போயிருந்தார், ஆனால் முழுசாக இருந்தார். கல்லை விட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவர் சட்டையெல்லாம் மாவு. பக்கத்தில் வந்த கப்பல் கண்ணெதிரே மூழ்கியதையும், இவர்கள் மயிரிழையில் தப்பியதையும் கடைக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"எங்க உசுரு போனாலும் போவுது, புள்ள பேப்பர் போயிறக் கூடாதேன்னுதான் பயந்தேன். ஒரு சொட்டுத் தண்ணி படாம கொண்டுபோயிச் சேத்துட்டோம் மாப்ளே! என்ன, பாஸுதானே?"

பெயிலானவர்கள் இந்த உத்தியோகத்தில் எத்தனையோ பேர் உண்டு; பெயிலான தாள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு நன்றி சொல்லித் தொழுதவன் அநேகமாக நான் ஒருவன்தான்.