கையில் தட்டுப்படும் கோடுகள்

இரண்டு பெட்டிகளும் ஒரே விமானத்துக்கானவைதான். போலந்து நாட்டில் செய்த பயிற்சி ஜெட். பழகுகிறவர் முன்னால், பழக்குகிறவர் பின்னால் என்று இரண்டு பேர் உட்காருவது. நம் விமானப்படையிலும் ஒரு காலத்தில் அது இருந்தது. அதை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஒட்டிப் பெயின்ட் அடித்து முடித்தால் ஒரு சாண் நீளம்கூட வராது. இரண்டில் எதை ஒட்டுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் சாரும் உட்கார்ந்து பார்த்தோம். சரியானதைத்தான் எடுத்தோம். அதைக் கெடுத்தது நான்.

சார் என்று கூப்பிட்டாலும் அவர் எனக்கு மேலதிகாரி இல்லை. நிலக்கரி மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் பெர்மனென்ட் மெக்கானிக். அதற்கு முன்னால் இருபது வருடம் விமானப்படையில், விமானத்தின் உடம்பைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். நான் கம்மாபுரம் பக்கம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கான்ட்ராக்டரிடம் பெயின்டர். குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிப்பேன், ஒர்க்‌ஷாப் ஜீப்புகளுக்கு ஸ்ப்ரே அடிப்பேன். அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனபோதுதான் ஷோகேஸில் அந்தக் குட்டி விமானங்களைப் பார்த்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

“என்ன தம்பி, அப்படிப் பாக்கீங்க?”

“ஒண்ணுமில்லீங்க சார்.”

“சும்மா சொல்லுங்க.”

எனக்குப் புது ஆளிடம் பேச்சு வராது. ஆனால் அன்றைக்கு வாய் தவறி வந்துவிட்டது. “பிரஷ் கோடு தெரியுதுங்க.”

உள்ளே திரும்பி மனைவியிடம் கத்தினார்: “ஏளா, கேட்டியா? இருபது வருசம் நெச ஏரோப்ளேன்ல கை வச்சவனுக்கு பிரஷ் புடிக்கத் தெரியலங்காரு!”

“நான் அப்டிச் சொல்லலீங்க சார்.”

“நீங்க சொல்லல, உங்க முழி சொல்லுது. சரி, அடுத்தத நீங்க அடிங்க.”

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு போவேன். அவர் ஒட்டுவார், நான் பெயின்ட் அடிப்பேன். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெட்டிக்குள் வரும் தாளில் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது. படமும் அம்புக்குறியும் எண்ணும்தான். பதினேழாம் எண் துண்டு பதினெட்டில் போய் உட்காரும் என்று புரிந்துகொள்ள ஐந்தாவது போதும். அக்கா என்று நான் கூப்பிடும் அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “ரெண்டு பேரும் இந்த வயசுல சொப்பு வச்சு வெளையாடுதாக,” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேறு எந்த வீட்டிலும் நான் அத்தனை நேரம் உட்கார்ந்ததில்லை.

பிறகு அவருக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. நேராக நிற்கும் போஸ்ட் கம்பம் வளைந்து தெரிகிறது என்றார். லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். இருந்ததும் போனது. ஒர்க்‌ஷாப்பில் அவரை ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். “எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம் இருக்கு தம்பி. கண்ணு முந்திக்கிட்டு வாலன்டரில போயிட்டு,” என்று சிரித்தார். காலும் மரத்துப்போயிருந்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து வருவார். நான் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போவேன். கையிலும் வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் போலந்து ஜெட்டைப் பற்றிச் சொன்னார். அவர் அதிகமாக வேலை பார்த்தது அதில்தான். ஆனால் அந்த விமானத்தை மட்டும் அவர் ஒட்டவே இல்லை.

“கடைசியா வச்சுக்கிடலாம்னு இருந்தேன். கிறுக்குப்பய வேல. இனிமே பாக்கவா முடியும்? கையில வச்சுத் தடவித்தான் தெரிஞ்சுக்கிடணும். அது போதும். தெனம் பறக்கதுக்கு முந்தி அதச் சுத்தி வந்து ஒவ்வொரு மூடியா தடவிப் பாத்துட்டுத்தான் விடுவோம். என் கைக்குத் தெரியும் அத. ஊருக்குப் போகும்போது அது ஒண்ணத்தான் கையில எடுத்துட்டுப் போவேன்.”

நான் செல்போனில் தேடினேன். பெட்டியைப் பிரித்துக் காட்டும் வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்கள் நிறைய உண்டு. பேச்சு புரியாததால் சத்தத்தைக் குறைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பேன். இந்த விமானத்துக்குப் புது அச்சில் ஒன்றும், பல வருடப் பழைய அச்சில் ஒன்றும் இருந்தன. புதியதை எடுத்தால் ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றி உற்றுப் பார்த்துத் தலையாட்டுவார். பழையதை எடுத்தால் உதட்டைப் பிதுக்குவார். சாரின் மகன் வெளிநாட்டிலிருந்து இரண்டையுமே வரவழைத்து அனுப்பிவிட்டான்.

அந்த ஞாயிறு இரண்டையும் தரையில் பரப்பினோம். புதியதில் எல்லாமே அழகு. இருக்கை, அதன் பெல்ட், சக்கரத்தின் ஆரம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தகடும் தகடும் சேரும் இடத்துக் கோடுகள் முடியை விட மெல்லிசாக உள்ளே வெட்டப்பட்டிருந்தன. பழையதில் இருக்கை ஒரு கட்டி வெல்லம் மாதிரி இருந்தது. கண்ணாடி மூடி தடிமனாக, பாட்டில் அடி மாதிரி இருந்தது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தால் நடுவில் நகம் போகும் அளவு இடைவெளி. கோடுகள் உள்ளே வெட்டாமல் வெளியே புடைத்துக்கொண்டு, ரிவெட்டெல்லாம் ரவை தெளித்த மாதிரி மேடாக இருந்தன.

“புதுசுதாங்க சார். இது ரொம்ப மட்டம்,” என்றேன்.

“ரெண்டையும் கையில குடுங்க.”

புதியதன் வலது பாதியைக் கொடுத்தேன். கட்டை விரலால் மூக்கிலிருந்து வால் வரைக்கும் தடவினார். “வெண்ணெய் மாதிரி இருக்கு தம்பி. ஒண்ணுமே இல்ல.” கீழே வைத்துவிட்டார். பழையதைக் கொடுத்தேன். விரல் இரண்டு இடத்தில் போனது, நின்றது, திரும்பி வந்தது. அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

“இந்தா இருக்கு. இந்த மூடியில நாலு திருகு. மூணு சுத்தும், நாலாவது வராது. ஒரு குளிர்காலம் பூரா அதக் கட்டிட்டு அழுதிருக்கேன். இது... இது எண்ணெய் ஊத்துற எடம். தம்பி, முதுகுல, வால் ஏறுற எடத்துக்கு முன்னால, ஒரு நீளமான மூடி இருக்கும். இருக்கா பாருங்க, நான் சொல்லட்டா? இந்தா.”

சரியாக அங்கே இருந்தது.

“இதுதான். நெச விமானத்துல இப்படி மேடா இருக்காதுதான். ஆனா எனக்கு இனிமே இதான் நெசம்,” என்றார். உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்கள். சார் சிரித்துக்கொண்டிருந்தார்.

பழையதைக் கம்மாபுரத்துக்கு என் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவரால் ஒட்ட முடியாது என்பதால் எல்லாம் நானே செய்தேன். இரண்டு பாதியையும் ஒட்டியதும் முதுகிலும் வயிற்றிலும் அந்த இடைவெளி அசிங்கமாகத் தெரிந்தது. ஜீப் கதவில் பள்ளத்தை நிரப்பும் பட்டியையே கொஞ்சம் எடுத்துப் பூசினேன். காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு பரீட்சைதான். தேய்த்து முடித்ததும் சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டு கையை ஓட்டுவார். ஏதாவது தட்டினால் திரும்பத் தேய்க்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக என் கை அந்த ஒன்றுக்காகவே வேலை செய்கிறது. அன்றைக்கும் அதையேதான் செய்தது. முதுகைத் தேய்த்தது, வயிற்றைத் தேய்த்தது, இறக்கை சேரும் இடத்தைத் தேய்த்தது. பிரைமர் அடித்தேன், மறுபடி தேய்த்தேன். வெள்ளி பெயின்ட் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் லேசாக ஒரு தேய்ப்பு. ஒருமுறைகூட எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் கையை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிய ஒரு மாதம் ஆனது. அடுத்த ஞாயிறு ஷூ பெட்டிக்குள் பஞ்சு வைத்து எடுத்துப்போனேன். சார் குளித்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார்.

“காலையிலேருந்து ஒரு எடத்துல இருப்புக் கொள்ளல,” என்றார்கள் அக்கா. “பொண்ணு பாக்கப் போற மாப்பிள தோத்தாரு.”

கையில் வைத்தேன். “நல்லா இழச்சிருக்கேங்க சார்,” என்று நானாகவே சொன்னேன். நான் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை.

மூக்கைப் பிடித்தார். கட்டை விரல் பின்னால் போனது. முதுகில் வாலுக்கு முன்னால் நின்றது. மறுபடி மூக்குக்கு வந்தது. இந்த முறை ஆள்காட்டி விரலால் தேடினார். பிறகு இடது கையால். இறக்கையைத் தடவினார், திருப்பி வயிற்றைத் தடவினார். அந்த விரல் மூன்றாவது முறை முதுகுக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மேடாக இருந்த கோடுகளையெல்லாம் நானே தேய்த்து எடுத்திருந்தேன்.

அவர் விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார். வேட்டி விளிம்பைத் தேய்த்துப் பார்த்தார். விமானத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“விரலும் போயிட்டு போல தம்பி,” என்றார்.

அக்கா பதறி வந்து அவர் கையைப் பிடித்து, “இது தெரியுதா? நான் தொடுதது தெரியுதா?” என்று கேட்டார்கள்.

“நீ தொட்டாத் தெரியுது. இவ்வளவு பெரிய கைய யாருக்குத்தான் தெரியாது?” சிரிக்கப் பார்த்தார். “நுணுக்கமானது போயிட்டு. போன மாசம் இருந்துச்சு, பாத்துக்கோ. போன மாசம் நாலு திருகையும் எண்ணினேன்.”

கோடுகளை நான்தான் தேய்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மூன்று வார்த்தை. இவ்வளவு முட்டாளா என்று அவர் கேட்க மாட்டார், எனக்குத் தெரியும். ஒருவேளை சந்தோஷப்பட்டுக்கூட இருப்பார். அப்படியும் சொல்லவில்லை. சட்டை பட்டனைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

“உங்க மேல தப்பில்ல,” என்றார் அவர். “நல்லா செஞ்சிருப்பீங்க. நீங்களே வச்சுக்கிடுங்க. என் கையில இருந்து என்ன பிரயோஜனம்?”

அதற்குப் பிறகு வேறொரு பழைய பெட்டி கிடைக்குமா என்று எவ்வளவோ தேடினேன். அந்த அச்சில் இப்போது போடுவதில்லை போலிருக்கிறது, எங்கேயும் இல்லை. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி நூலாக இழுத்து, அழிந்த கோடுகளைத் திரும்ப ஒட்டவும் பார்த்தேன். எது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரிந்தவர் ஒருவர்தான். ஞாயிறுகளில் போவதைக் குறைத்தேன். போன நாட்களில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஷோகேஸ் பக்கமே போவதில்லை என்றார்கள் அக்கா.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனார்கள். அடுத்து வருகிறவருக்காக அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். ஷோகேஸ் நின்ற சுவரில் அதன் அளவுக்குப் பழைய சுண்ணாம்பு அழுக்குப்படாமல் இருந்தது. அதன் மேலும் அடித்தேன்.

போன வாரம் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அக்கா எடுத்தார்கள்.

“தம்பியா! நல்லா இருக்கீகளா? அவுக படுத்திருக்காக.”

“சாருக்கு இப்ப எப்டி இருக்குதுங்க?”

“அப்படியேதான். விரலுக்காக மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். நரம்பு டெஸ்ட் எடுத்தாக. கையில பெருசா ஒண்ணும் இல்ல, ஆரம்பம்தான்னு சொன்னாக. இவுகதான் கேக்க மாட்டேங்காக. என் விரல் எனக்குத் தெரியாதா, தொட்டா ஒண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியலன்னு நிக்காக. சோறுகூட நாந்தான் பிசைஞ்சு குடுக்கேன். மாத்திரய ரெண்டாக்கி இருக்காக.”

“அக்கா, ஒண்ணு சொல்லணுங்க.”

“சொல்லுங்க தம்பி.”

பின்னால் ஜீப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மாத்திரய வேளாவேளைக்குப் போட்டுக்கச் சொல்லுங்க,” என்றேன்.

“சொல்லுதேன் தம்பி. நீங்க போன் பண்ணீகன்னா சந்தோசப்படுவாக.”